நாலு நல்ல வார்த்தை

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு நாள் திருமானூர் வரைக்கும் போய் ஒரு பார்சலை வாங்கி வந்தேன். எங்கள் ஏலாக்குறிச்சிக்குக் கூரியர்க்காரர் வராதவர் அல்ல, வருவார். அன்றைக்கு மழை. "சார், வண்டி சேத்துல எறங்குது, நீங்களே வந்து வாங்கிக்கிறீங்களா?" என்று போனில் கேட்டார். அவர் கேட்ட விதம் நன்றாக இருந்தது. குடையை எடுத்துக் கொண்டு பஸ் ஏறினேன்.

பார்சலில் இருந்தது பரமார்த்த குரு கதையின் பழைய அச்சுப் பிரதி ஒன்று. எங்கள் ஊர்க்காரனுக்கு அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு சொந்தம் உண்டு. அதை எழுதிய வீரமாமுனிவர் எங்கள் ஊரிலே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, பல காலம் இங்கே தங்கியிருந்தவர். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து ஒரு கலம்பகமே பாடியவர். இத்தாலியில் 1680-ல் பிறந்து, கொள்ளிடக் கரைக்கு வந்து, 1732-ல் சதுரகராதி என்று தமிழுக்கு ஓர் அகராதியும் செய்து கொடுத்துவிட்டுப் போன மனிதரை வேற்றூர்க்காரர் என்று சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை.

புத்தகம் கடையில் வாங்கியதல்ல. செல்போனில் நடக்கும் ஓர் ஏலத்தில் எடுத்தது. பழைய நாணயம், தபால்தலை, பித்தளைச் சாமான், புத்தகம் என்று சகலமும் அங்கே ஏலத்துக்கு வரும். ஆரம்ப விலை 200 ரூபாய். யாரோ முகம் தெரியாத ஒருவர் என்னோடு போட்டி போட்டார். நான் பத்து ஏற்றினால் அவர் இருபது ஏற்றுவார். ஏலாக்குறிச்சிக்காரனுக்கு ஏலம் ஏலாது என்று என் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அது வாஸ்தவந்தான். இரவு பதினொரு மணிக்கு ஏலம் முடிந்தபோது விலை 850 ரூபாய்க்கு வந்திருந்தது. ஜெயித்தது நான் என்றார்கள். 850 ரூபாய் கொடுப்பவனை ஜெயித்தவன் என்று சொல்வது ஏலத்தில் மட்டும் உள்ள பாஷை.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். "நல்ல நிலை, முழுப் பிரதி" என்று விற்றவர் எழுதியிருந்தார். நல்ல நிலைதான், அட்டைகூட உறுதியாக இருந்தது. ஆனால் கடைசி 16 பக்கம் இல்லை. ஒரு ஃபாரம் முழுதாகக் கழன்று போயிருக்கிறது. என் பிரதியில் குரு சாகவே இல்லை!

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். அரை மணியில் அவரே கூப்பிட்டார். குரல் இளைஞருடைய குரல்.

"சார், சத்தியமா நான் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டிப் பார்க்கல. மொத்தமா எடுத்த சரக்கு. நானூறு ரூபா திருப்பி அனுப்பிச்சுடறேன். குறை மட்டும் எழுதிடாதீங்க. ஒரு குறை விழுந்துச்சுன்னா அப்புறம் யாருமே எங்கிட்ட வர மாட்டாங்க. நாலு நல்ல வார்த்தை எழுதி விடுங்க சார். நான் ஏற்கெனவே உங்களைப் பத்தி எழுதிட்டேன், பாருங்க."

பார்த்தேன். "மிக நல்ல வாடிக்கையாளர். உடனே பணம் செலுத்தினார். பண்பாளர்" என்று எழுதி, எனக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டிருந்தார். அந்தச் சந்தையில் வாங்குகிறவனைப் பற்றி விற்கிறவர் எழுதலாம். விற்கிறவரைப் பற்றி வாங்குகிறவனும் எழுதலாம். என் நாவல்களைப் பற்றிக் கூட யாரும் இப்படி மூன்று வாக்கியத்தில் முழு மனத்தோடு எழுதியது கிடையாது. கால் மணி நேரத்தில் 400 ரூபாயும் வந்து சேர்ந்தது. நான் எழுதினேன்: "நல்ல பொருள். நல்ல மனிதர். நம்பி வாங்கலாம்." கீழே என் பெயரையும் முழுதாகப் போட்டேன். எழுத்தாளன் என்ற கர்வம்; வேறென்ன?

அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஏழை வியாபாரியின் பிழைப்பைக் கெடுக்காமல் விட்டோம், கெட்ட வார்த்தை எழுதும் கையாக நம் கை ஆகாமல் போயிற்று என்றெல்லாம் எனக்குள் ஒரு குளிர்ச்சி.

பொங்கல் கழிந்து பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சிறியவர். பழைய பொருள்களில் பைத்தியம். ஒரு வால்வு ரேடியோ வாங்கியிருக்கிறார், 3,200 ரூபாய். "நன்றாகப் பாடும்" என்று எழுதியிருந்ததாம். வந்த பெட்டியில் விளக்குக்கூட எரியவில்லை. பின்பக்கம் திறந்து பார்த்தால் இரண்டு வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. விற்றவர் பாதி விலை திருப்பித் தருவதாகச் சொல்கிறாராம். குறை எழுதக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

"அவர்கிட்ட வாங்கலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன் அண்ணே. அப்புறம் உங்க பேரைப் பார்த்தேன். நீங்களே நம்பி வாங்கலாம்னு எழுதியிருக்கீங்க. அதுக்கப்புறம் என்ன யோசனைன்னு வாங்கிட்டேன்."

குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. ஊரில் ஒரு சங்கதி சொல்வதைப் போல்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. காபியை ஆற்றிக் கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் புத்தகத்தில் 16 பக்கம் இல்லை என்பதை அவரிடம் சொல்லவும் அப்போது தைரியம் வரவில்லை.

அவர் போன பிறகு எனக்குள் ஒரு கணக்கு ஓடிற்று. அந்த 400 ரூபாய் எதற்காக வந்தது? புத்தகத்தில் குறைந்த பக்கத்துக்கு ஈடாக வந்திருந்தால் அது என் பணம். வாங்கிக் கொள்வதில் வெட்கமில்லை. நான் வாயை மூடிக் கொள்வதற்காக வந்திருந்தால்? என் வாய் மூடியதால் நஷ்டப்பட்டவர் யாரோ, அவருடைய பணம் அது. ஒரே நோட்டு, இரண்டு காரணம். அனுப்பியவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் எனக்குச் சௌகரியமான பாதியை மட்டும் காதில் வாங்கினேன்.

இந்த இடத்தில் பரமார்த்த குருவின் சீடர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. புத்தகம் மேஜைமேல்தான் கிடந்தது. குதிரை முட்டைக் கதை பத்திரமாக இருந்தது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். குருவுக்குக் குதிரை வாங்கப் போன சீடர்கள் ஓரிடத்தில் பூசணிக்காய் காய்த்துக் கிடப்பதைப் பார்க்கிறார்கள். இதெல்லாம் குதிரை முட்டை என்று நினைத்துக் கொள்கிறார்கள்; தோட்டக்காரனும் ஆமென்று சொல்லி ஒன்றை விற்றுவிடுகிறான். தலையில் சுமந்து வரும் வழியில் காய் கீழே விழுந்து உடைகிறது. புதரிலிருந்து ஒரு முயல் பாய்ந்து ஓடுகிறது. குதிரைக் குட்டிதான் பொரிந்து ஓடுகிறது என்று துரத்தி, முள்ளில் கிழிபட்டு, வெறுங்கையோடு திரும்புகிறார்கள். குருவோ, பிறந்த அன்றே இவ்வளவு வேகமென்றால் வளர்ந்த பின் என்னால் அதில் ஏற முடியுமா, போனதே நல்லது என்று தேற்றிக் கொள்கிறார்.

சிறு வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது படிக்கும்போது வேறொன்று தோன்றிற்று. அந்தச் சீடர்களிடம் செல்போனைக் கொடுத்து, தோட்டக்காரனைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? "முட்டை முதல் தரம். குட்டி நல்ல வேகம். கை தவறியது எங்கள் குற்றம்" என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார்கள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அவர்கள் நம்பியதை அப்படியே எழுதியிருப்பார்கள். நான் எழுதியது அவர்கள் எழுதியதைவிடக் கேவலமானது. எனக்கு அது பூசணிக்காய் என்று தெரியும்.

இந்த நட்சத்திர வழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் பார்த்தேன். 1995 செப்டம்பரில் அமெரிக்காவில் பியர் ஓமிடையார் என்ற இளைஞர் ஆக்‌ஷன்வெப் என்று ஓர் ஏலச் சந்தையை இணையத்தில் திறந்தார். பிறகு இ-பே என்று உலகத்துக்குத் தெரிந்தது அதுதான். ஆரம்பத்தில் அங்கே விற்றவற்றுள் அவருடைய உடைந்துபோன லேசர் விளக்குக் கோல் ஒன்று உண்டு. 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போயிற்று. வாங்கியவரிடம், அது உடைந்தது என்று தெரியும்தானே என்று இவர் கேட்டாராம். தெரியும், உடைந்த கோல்களைத்தான் நான் சேர்க்கிறேன் என்றாராம் அவர். இது எனக்குப் பிடித்த வியாபாரம். உடைந்ததை உடைந்தது என்று சொல்லி விற்றார். உடைந்தது வேண்டுமென்றே ஒருவர் வாங்கினார்.

சந்தை பெருகப் பெருகச் சச்சரவும் பெருகிற்று. எல்லோரும் ஓமிடையாரிடமே பஞ்சாயத்துக்கு வந்தார்கள். 1996 பிப்ரவரியில் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். குறையிருந்தால் எல்லோரும் பார்க்க எழுதுங்கள். அதைவிட, நிறையிருந்தால் எல்லோரும் பார்க்க எழுதுங்கள் என்றார். பெரும்பாலான மனிதர்கள் யோக்கியர்கள், யோக்கியமில்லாத சிலர் ஒளிந்து கொள்ள இடமிருக்கக் கூடாது என்பது அவர் நம்பிக்கை. எழுதுவதற்குப் பல காலம் 80 எழுத்துத்தான் இடம். ஒரு தந்திக்கு ஆகும் அளவு.

என்ன நடந்தது? மிச்சிகன் பல்கலைக்கழகத்து பால் ரெஸ்னிக், ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ரிச்சர்டு செக்ஹவுசர் என்ற இருவர் 1999-ஆம் ஆண்டு வியாபாரக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்து, 2002-ல் வெளியிட்டார்கள். வாங்கியவர்களில் பாதிக்குச் சற்று அதிகம் பேர் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். எழுதியவற்றில் 99.1 சதவீதம் புகழ்ச்சி. குறை 0.6 சதவீதம். மிச்சம் இருந்தது நடுநிலை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் திருப்தியடையும் சந்தை பூலோகத்தில் இருக்குமானால் எனக்கும் அங்கே ஒரு வீடு வேண்டும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை, நமக்கே தெரியும். விற்றவரும் எழுதலாம், வாங்கியவரும் எழுதலாம் என்றால், நீ என்னைக் குறை சொன்னால் நான் உன்னைக் குறை சொல்வேன். ஆகவே பல வியாபாரிகள் முதலில் எழுதவே மாட்டார்கள். வாங்கியவன் என்ன எழுதுகிறான் என்று பார்த்துவிட்டு அதே பண்டத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். வாங்கியவன் பணத்தைக் கட்டியதோடு அவன் கடமை தீர்ந்தது. அப்போதே அவனைப் பற்றி எழுதிவிடுவதுதானே நியாயம் என்று வாங்குபவர்கள் கேட்டார்கள். பொருள் கைக்கு வந்த பிறகு அவன் என்ன தகராறு பண்ணுவானோ, வியாபாரம் முடிந்தது என்று எப்படிச் சொல்வது என்று விற்பவர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. லக்னோவில் இரண்டு நவாபுகள் "நீங்கள் முதலில், நீங்கள் முதலில்" என்று உபசாரம் பண்ணிக் கொண்டே ரயிலைத் தவறவிட்ட கதையைச் சொல்வார்கள். இங்கேயும் அதே உபசாரந்தான், ஆனால் ஒவ்வொருவர் கையிலும் பின்னால் ஒரு கல் இருந்தது.

கடைசியில் 2008 மே மாதத்தில் இ-பே விற்பவர்களின் கையிலிருந்த கல்லைப் பிடுங்கிவிட்டது. அன்று முதல் விற்பவர் வாங்குபவரைப் பற்றி நல்லது மட்டுமே எழுதலாம். இல்லையென்றால் சும்மா இருக்கலாம். வியாபாரிகள் கொதித்தார்கள். கொதித்ததில் தப்பில்லை. நல்லது மட்டுமே சொல்ல அனுமதியுள்ள ஒருவனின் நல்ல வார்த்தைக்கு என்ன மதிப்பு? நம் நாட்டில் 2004-ல் பாஜீ என்ற ஏலச் சந்தையை வாங்கிக் கொண்டு வந்த இ-பே, 2018-ல் இங்கே கடையைக் கட்டிவிட்டது. ஆனால் அது விட்டுப் போன நட்சத்திரங்கள் எல்லாக் கடை வாசலிலும் தொங்குகின்றன. போலிப் புகழுரைகளைத் தடுக்க வேண்டுமென்று நம் தர நிர்ணய அமைப்பும் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்று ஒரு விதிமுறை வெளியிட்டிருக்கிறது. அந்த விதிமுறை என்னைப் பிடிக்குமா என்று யோசித்தேன். பிடிக்காது. நான் போலியல்ல, உண்மையிலேயே வாங்கியவன், சொந்தப் பெயரில் எழுதியவன்.

எனக்கு இது சட்டத்தின் விஷயமாகப் படவில்லை. மொய்யின் விஷயமாகப் படுகிறது. எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டு வாசலில் ஒரு மேஜையும் நோட்டும் இருக்கும். நீ என் வீட்டில் 500 எழுதினால் நான் உன் வீட்டில் 500-க்குக் குறையாமல் எழுத வேண்டும். குறைந்தால் உறவு போயிற்று. அந்த இளைஞர் எனக்கு ஐந்து நட்சத்திரம் மொய் எழுதிவிட்டுத்தான் போன் செய்தார். நானும் கை நீட்டியவனுக்குத் திருப்பிச் செய்யும் குடியானவப் பழக்கத்தில் ஐந்தைப் போட்டேன். அதில் நன்றி உணர்ச்சிகூட உண்மையாகவே இருந்தது. ஆனால் மொய் நோட்டை மூன்றாம் மனிதர் யாரும் வாசித்து, அதை நம்பிப் பெண் கொடுப்பதில்லை. அது இரண்டு வீட்டுக்குள் உள்ள கணக்கு. நட்சத்திரமோ பார்ப்பதற்கு விற்றவருக்கு நான் சொல்லும் நன்றி மாதிரி இருக்கிறது. உண்மையில் அது நான் பார்த்திராத ஒரு வாத்தியாருக்கு நான் எழுதும் கடிதம். விலாசதாரரை மறந்துவிட்டு எழுதிவிட்டேன்.

என் தாத்தாவைப் பற்றி வீட்டில் ஒரு கதை சொல்வார்கள். மணப்பாறைச் சந்தைக்கு ஒரு காளையை ஓட்டிக் கொண்டு போனார். மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். துண்டைப் போட்டுக் கையை மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன விலை என்று தெரியாது. வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்த்தான், சுழி பார்த்தான், நடக்க விட்டுப் பார்த்தான். சுழி சுத்தம். தரகர் துண்டுக்குள் இரண்டு பேர் விரலையும் சேர்த்து வைத்து, அச்சாரமும் வாங்கிக் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் தாத்தா வாயைத் திறந்தாராம். "ஒரு சங்கதி. வண்டிக்கு ராஜா மாதிரி போவும். சேத்துழவுக்கு மட்டும் கட்டாதே. படுத்துக்கும்."

தரகர் தலையில் அடித்துக் கொண்டார். விலையில் ஒரு பகுதி போயிற்று. தாத்தா ஊர் வந்து சேரும் வரை தன் வாயைத் தானே திட்டிக் கொண்டு வந்தார் என்று கூடப் போனவர்கள் சொல்வார்கள். அந்த உண்மையால் பின்னால் அவருக்கு ஏதாவது நன்மை வந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஏன் சொன்னீர்கள் என்று பாட்டி கேட்டதற்கு, "நாளைக்கு அவன் சேத்துல கட்டிட்டு மாட்டைப் போட்டு அடிப்பான்ல? அந்த அடி யாருக்குடி?" என்றாராம்.

வாங்குகிறவனையும் விற்கிறவனையும் விட்டுவிட்டு அவர் மாட்டை நினைத்தார். துண்டுக்குள் இல்லாத மூன்றாவது ஆள். எனக்கு அந்த நினைப்பு வராமல் போனது எப்படி?

துண்டு என்றதும் இன்னொன்று. பிரயாணிகளுக்கு வீட்டு இடம் பிடித்துக் கொடுக்கும் ஏர்பிஎன்பி என்ற நிறுவனம் 2014-ல் ஒரு வழி செய்தது. வீட்டுக்காரர் எழுதியதும் தங்கியவர் எழுதியதும் இருவரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் கழியும் வரை, யார் கண்ணிலும் படாது. இரண்டும் ஒன்றாகத்தான் வெளியே வரும். நம் சந்தைத் துண்டு சமுத்திரம் தாண்டிப் போயிருக்கிறது என்று எனக்கு ஒரு பெருமை. அதனால் பழிக்குப் பழி நின்றிருக்கலாம். ஆனால் போனில் வந்து "நாலு நல்ல வார்த்தை" என்று கேட்கும் குரலை எந்தத் துண்டு மூடும்?

அந்தக் குரலையும் நான் லேசாகத் தள்ளிவிடத் தயாரில்லை. வியாபாரி பக்கத்தையும் சொல்ல வேண்டும். மழையில் பார்சல் நனைந்தால் விற்றவருக்கு ஒரு நட்சத்திரம் குறைகிறது. படத்தில் பார்த்த சிவப்பு நேரில் கொஞ்சம் மங்கினால் குறைகிறது. வாங்கியவருக்கு அன்றைக்கு வீட்டில் சண்டை என்றாலும் குறைகிறது. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி வீட்டில் ஊறுகாய் போட்டு இப்படித்தான் விற்கிறாள். "ருசி நன்று, ஆனால் என் மாமியார் கைப்பக்குவம் இல்லை" என்று எழுதி ஒருவர் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டார். அந்த மாமியாரோடு அவள் எப்படிப் போட்டி போடுவாள்? பணம் கொடுத்தவன் என்ற ஒரே காரணத்தால் ஒருவன் நீதிபதியாகிவிடுகிறான். அவன் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. நட்சத்திரம் குறையக் குறைய அந்தக் கடை பட்டியலில் கீழே போகும். கண்ணில் படாத கடைக்கு யார் வருவார்கள்? ஆகவே குறை எழுதுவதற்கு முன் விற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்வதும், சரி செய்ய ஒரு நாள் கொடுப்பதும், கூரியர்க்காரர் பாவத்தை இவர் தலையில் கட்டாமலிருப்பதும் மரியாதை மட்டுமல்ல, நியாயமும்கூட. நான் அந்த இளைஞருக்குச் செய்தி அனுப்பியவரைக்கும் சரியாகத்தான் நடந்தேன்.

அதற்குப் பிறகு என்ன எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது சுலபமாகத் தெரிகிறது. "கடைசி 16 பக்கம் இல்லை. சொன்னவுடன் 400 ரூபாய் திருப்பித் தந்தார்." இரண்டு வாக்கியம். இரண்டும் உண்மை. அதில் அவருடைய குறையும் இருக்கிறது, அவருடைய நல்ல குணமும் இருக்கிறது. வாத்தியார் அதைப் படித்திருந்தால் ரேடியோவை வாங்கியிருக்கவும் கூடும். ஆனால் பின்பக்கத்தைத் திறந்து படம் எடுத்து அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். அதுதான் வித்தியாசம். கெட்டவர் என்றும் நல்லவர் என்றும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை நான் எடுத்துக் கொண்டேனே தவிர, நடந்ததைச் சொல்லவில்லை. கதை எழுதுகிறவன் செய்யக்கூடாத தப்பு இது.

நம் ஊர்களில் இதற்கு ஒரு பழைய பாஷை இருந்தது. கல்யாணத்துக்கு விசாரிக்க வருவார்கள். பையன் வீடு எப்படி என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று பழமொழி வைத்திருக்கும் நாம், நிஜத்தில் அவ்வளவு லேசாகப் பொய் சொல்லிவிடுவதில்லை. குடிக்கிற பையன் என்றால், "நல்ல குடும்பந்தான். எதுக்கும் நாலு இடத்துல விசாரிச்சுக்குங்க" என்பார்கள். கேட்டவர் வெற்றிலையை மடித்துக் கொண்டு எழுந்துவிடுவார். அந்த "எதுக்கும்" என்ற ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. "பரவாயில்லை" என்பதில் ஒரு தரம், "நல்லாத்தான் இருக்கு" என்பதில் ஒரு தரம், கொஞ்சம் பொறுத்து "ம்" என்பதில் ஒரு தரம். ஐந்து நட்சத்திரத்தில் அந்த இழுப்பை எப்படிப் போடுவது? நாலு போட்டாலே வியாபாரம் போயிற்று என்று அழுகிறார்கள். முழுப் புகழ்ச்சிக்கும் முழு நாசத்துக்கும் நடுவில் இருந்த படிகளையெல்லாம் எடுத்துவிட்டு, நம்மை மொட்டை மாடியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

எழுதியதைத் திருத்தப் பார்த்தேன். 30 நாள் கெடு தாண்டிவிட்டது, திருத்த முடியாது என்று பதில் வந்தது. விற்றவருக்கே போன் செய்தேன். "ரேடியோ எங்கிட்டேர்ந்து போறப்ப பாடிக்கிட்டுத்தான் சார் போச்சு" என்றார். இரண்டு வால்வும் வழியிலே இறங்கிப் போயினவா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மொத்தமா எடுத்த சரக்கு சார்" என்றார். என்னிடம் சொன்ன அதே வார்த்தை. அது பொய் என்றும் எனக்குத் தோன்றவில்லை. மொத்தமாக எடுத்து, மொத்தமாக நம்பி, மொத்தமாக விற்கிற பிழைப்பு.

மறுநாள் 400 ரூபாயை எடுத்துக் கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். 16 பக்கத்தின் கதையைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப உங்களுக்கும் அதேதானா?" என்று சிரித்தார். பணத்தை வாங்கிக் கொள்ளவில்லை. "நீங்க என்ன அண்ணே, ரேடியோவா வித்தீங்க?" என்றார். நான் மேஜைமேல் வைத்தேன். அவர் என் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு தடவை இப்படி ஆயிற்று.

அவரும் இன்னும் எதுவும் எழுதவில்லை என்று தெரிந்தது. விற்றவர் அவருக்கும் முந்திக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்: "பண்பாளர்" என்று. "எழுதினா அவர் பொழைப்பு என்ன ஆகும்னு கை வர மாட்டேங்குது. எழுதாட்டி அடுத்தவன் மாட்டுவான். நீங்களே ரெண்டு வரி சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்று செல்போனை எடுத்தார்.

பாதிப் பணம் வந்துவிட்டதா என்று கேட்டேன். எழுதிய பிறகு தருகிறேன் என்கிறாராம். அதையும் சேர்த்தே எழுதுங்கள் என்றேன். சொன்னேன்; அவர் அடித்தார். "இரண்டு வால்வு இல்லை. பாடவில்லை. குறை எழுதாவிட்டால் பாதி விலை தருவதாகச் சொன்னார். இன்னும் தரவில்லை." படித்துக் காட்டினார். சரி என்றேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக் கொண்டு சிறிது யோசித்தார். பிறகு தானாகவே கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "போனில் மரியாதையாகப் பேசினார்."

அது எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். பேசினாரே என்று தோன்றிற்று. விட்டுவிட்டேன்.